ப்ராக்ல புதிர் போட்டுக்கிட்டே ஊர் சுத்துற புத்தகம்: அம்மாவ கூட்டிட்டு போறவங்களுக்காக ஒரு ரிவ்யூ

போன மே மாசம் பையனுக்கு லீவு விட்டதும் நானும் அம்மாவும் பையனும் செக் நாட்டு தலைநகர் ப்ராக்ல இருக்குற என் தம்பி வீட்டுக்கு மூணு வாரம் போயிட்டு வந்தோம். வந்ததுல இருந்து கிருஷ்ணகிரில யாரப் பாத்தாலும் கேக்குறது, அம்மாவ வச்சிக்கிட்டு அங்க எப்படி சுத்துனீங்க, அவங்களுக்கு போர் அடிக்கலையா, கால் வலிக்கலையான்னு தான். கால் வலிச்சுது, அதுல ஒளிக்க ஒண்ணும் இல்ல. ஆனா போர் அடிக்கல, அதுக்கு காரணம் ஒரு சின்ன புத்தகம். நம்ம ஜில்லால இருந்து புள்ளைங்கள பாக்க வெளிநாடு போற அப்பா அம்மாங்க இப்ப எவ்வளவோ பேர் இருக்காங்க, அதனால தான் உக்காந்து விவரமா எழுதுறேன்.

அது என்னன்னா, கைடு கிடையாது, பஸ் கிடையாது, கூட்டமும் கிடையாது. ஒரு மேப், ஒரு புத்தகம், ஒட்டி மூடுன ஒரு கவர், அவ்வளவு தான் தருவாங்க. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு இடம், அங்க போய் நின்னு சுவத்துல என்ன இருக்கு, தரையில என்ன இருக்கு, கதவு மேல என்ன செதுக்கியிருக்காங்கன்னு பாத்து விடைய கண்டுபிடிக்கணும், அந்த விடை தான் அடுத்து எங்க போகணும்னு காட்டும். மாட்டிக்கிட்டா கவர பிரிச்சு குறிப்பு பாத்துக்கலாம். எப்ப வேணா ஆரம்பிக்கலாம், எப்ப வேணா நிறுத்தலாம், மறுநாள் விட்ட இடத்துல இருந்து தொடரலாம். தம்பி ஆன்லைன்ல வாங்கி வச்சிருந்தான், 30 யூரோ, ஆளுக்கு இவ்வளவுன்னு இல்ல, ஒரு புத்தகத்துக்கு தான் காசு, வீடே சேர்ந்து போகலாம். அவனுக்கு ஆபீஸ், அதனால நாங்க மூணு பேர் மட்டும் தான் போனோம்.

இதுக்கு முந்தின நாள் ஒரு கைடு கூட நடந்து பாத்தோம். அந்தப் பொண்ணு நல்லா தான் பேசுச்சு, ஆனா இருபது பேருக்கு முன்னாடி குடைய தூக்கிக்கிட்டு வேகமா போகுது, அம்மா பின்தங்கி போறாங்க, நான் அம்மாவ பாக்குறதா அது சொல்றத கேட்டு தமிழ்ல சொல்றதான்னு தெரியாம அல்லாடிட்டேன். அம்மா மூணாவது வரைக்கும் தான் படிச்சவங்க, இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. சாயந்தரம் வீட்டுக்கு வந்து "நீங்க போயிட்டு வாங்கம்மா, நான் வீட்டுலயே இருக்குறேன், எனக்கு ஒண்ணும் புரியல"ன்னு சொன்னாங்க பாருங்க, மனசு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. அவ்வளவு தூரம் ஏரோப்ளேன்ல கூட்டிட்டு வந்து ஃப்ளாட்டுக்குள்ள உக்கார வைக்கவா? மறுநாள் காலைல கட்டாயப்படுத்தி தான் கெளப்புனேன்.

பவுடர் டவர்னு ஒரு கருத்த பழைய கோபுர வாசல், அங்க இருந்து தொடக்கம். முதல் ரெண்டு புதிரும் சுமார் தான், அதுல ஒண்ணுல எங்கள ஏமாத்தியே விட்டுட்டாங்க, அத அப்புறம் சொல்றேன். உண்மையான விஷயம் ஓல்டு டவுன் சதுக்கத்துல தான் ஆரம்பிச்சுது.

அங்க டவுன்ஹால் பக்கவாட்டுல தரையில கறுப்பு கல்லுக்கு நடுவுல வெள்ளை கல்லால சிலுவை சிலுவையா பதிச்சிருக்காங்க. புத்தகத்துல கேள்வி, மொத்தம் எத்தனை சிலுவை, எந்த வருஷம், ரெண்டையும் வச்சு ஒரு கணக்கு. பையன் தலைய குனிஞ்சு ஓடி ஓடி எண்ணி 25ன்னான், மறுபடி எண்ணி 28ன்னான். அம்மா அதுவரைக்கும் சும்மா நின்னுக்கிட்டு இருந்தவங்க, "இரு கண்ணு, நான் எண்ணுறேன்"னு வந்தாங்க. எங்கம்மா காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புல கூடை கணக்கு பாத்தவங்க. பத்து கூடைக்கு பத்து பொடிக்கல்லு வைப்பாங்க, பத்து ஆனதும் அதையெல்லாம் எடுத்துட்டு ஒரு பெரிய கல்லு, அப்புறம் மறுபடி பொடிக்கல்லு. லாரிக்காரன் நோட்டுல எழுதுனது தப்பாகும், அம்மா கல்லு தப்பாகாது. இங்க கல்லுக்கு பதிலா விரல் கணுவுல எண்ணுனாங்க, ஒரு வரிசை முடிஞ்சதும் அங்கயே பையன நிறுத்தி வச்சு அடுத்த வரிசை. 26. ஏதாச்சும் விட்டுப் போச்சான்னு பாத்தா ஒரு வெள்ளக்காரர் பெரிய பைய தரையில வச்சுட்டு நின்னுக்கிட்டு இருந்தாரு, அம்மா அவர்கிட்டயே போய் சைகைல நகர சொல்லி அதையும் எண்ணி 27ன்னு முடிச்சாங்க.

27 சரி தான். 1621ம் வருஷம் ஜூன் 21ம் தேதி, ராஜாவ எதுத்து நின்னு தோத்துப் போன 27 பேர அந்த எடத்துல வச்சு கொன்னாங்க, ஒருத்தருக்கு ஒரு சிலுவை. பக்கத்து சுவத்துலயே பேர் எல்லாம் பொறிச்சு வச்சிருக்காங்க. நான் இத அம்மாகிட்ட சொன்னதும் முதல்ல பையன கைய புடிச்சு இழுத்து, "அது மேல மிதிக்காத சாமி"ன்னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "நம்ம வேடியப்பன் மாதிரி தான"ன்னு கேட்டாங்க. எனக்கு அது தோணவே இல்ல. தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் காட்டோரம், ஏரிக்கரை எல்லாம் சண்டையில செத்தவங்களுக்கு நட்ட நடுகல் இருக்கு, அதுல பலத நம்ம ஜனங்க வேடியப்பன்னு தான கும்புடுறோம். கைடு சொல்லி இருந்தா 27 பேர்னு காதுல வாங்கிட்டு போயிருப்போம், எண்ணிப் பாத்ததால தான் அம்மாவுக்கு அது ஆளுங்களா தெரிஞ்சுது.

அடுத்து அதே டவுன்ஹால்ல இருக்குற பெரிய கடிகாரம். 1410ல வச்சது, இன்னும் ஓடுது. மணிக்கு மணி மேல ஜன்னல் தெறந்து சீடர்கள் பொம்மை வரிசையா வந்து போகும், அதப் பாக்க நூத்துக்கணக்குல ஜனம் போனை தூக்கிக்கிட்டு நிக்கும். ஆனா புத்தகம் அந்த ஜன்னல பாக்காத, கீழ ரெண்டு பக்கமும் நிக்குற நாலு பொம்மைய பாருன்னு சொல்லுது. ஒருத்தன் கண்ணாடி வச்சிருக்கான், ஒருத்தன் காசுப்பை, ஒருத்தன் தலைப்பாகை கட்டுன துருக்கிக்காரன், இன்னொண்ணு எலும்புக்கூடு. கேள்வி என்னன்னா, மணி அடிக்கும்போது மாட்டேன்னு சொல்றவங்க எத்தனை பேர்? எனக்கு கேள்வியே புரியல. பையன் வீடியோ எடுத்து ஜூம் பண்ணி பாக்கலாம்னான். அம்மாகிட்ட கேள்விய மட்டும் தமிழ்ல சொன்னேன். மணி பதினொண்ணு ஆச்சு, எலும்புக்கூடு கயித்த இழுத்து மணி அடிச்சு தலைய ஆட்டுது, அம்மா பட்டுனு சொன்னாங்க, "எமன் வா வான்னு கூப்புடுறான், அந்த மூணு பேரும் வரமாட்டேன்னு தலையாட்டுறாங்க பாரு." மூணு. அது தான் விடை. ஆறு நூத்தாண்டு பழைய மிஷின்ல இருக்குற விஷயத்த ஒரு நிமிஷத்துல படிச்சிட்டாங்க. அதுக்கப்புறம் புத்தகம் பையன் கைல, கேள்வி என் வாயில, பாக்குறது அம்மான்னு ஆயிடுச்சு.

அங்க இருந்து யூதர்கள் வாழ்ந்த பகுதி. அங்க பழைய யூத டவுன்ஹால்ல ரெண்டு கடிகாரம், மேல கோபுரத்துல இருக்குறது நாம பாக்குற மாதிரி, கீழ இருக்குறதுல ஹீப்ரு எழுத்து, முள்ளு எதிர்ப்பக்கமா சுத்துது, ஏன்னா அவங்க எழுத்து வலது பக்கத்துல இருந்து இடது பக்கம் போகும். ரெண்டையும் ஒப்பிட்டு போடுற கணக்கு இது. பையனுக்கு இது தான் ரொம்ப புடிச்ச புதிர், நோட்டுல ரிவர்ஸ் கடிகாரம் வரைஞ்சு வச்சு போட்டான், இன்னும் ஊருல வர்ற எல்லா பசங்ககிட்டயும் அத காட்டிக்கிட்டு இருக்கான்.

சார்லஸ் பாலம் வரைக்கும் முதல் நாள். பாலம் 500 மீட்டருக்கு கொஞ்சம் மேல, ரெண்டு பக்கமும் சேர்த்து 30 சிலை. ஏறுறதுக்கு முன்னாடி ஆத்தோர சுவத்துல தாடி வச்ச ஒரு கல்லு மூஞ்சி இருக்குன்னு புத்தகம் தேட சொல்லுது. கீழ எட்டிப் பாத்தா தான் தெரியும், நாங்க பாத்த அரை மணி நேரத்துல வேற ஒருத்தரும் அத பாக்கல. வெள்ளம் வந்தா தண்ணி அந்த தாடி வரைக்கும் ஏறிச்சா, மீசை வரைக்கும் ஏறிச்சான்னு பாத்து தான் அந்தக் காலத்துல ஊர்க்காரங்க மூட்டைய கட்டுவாங்களாம். எங்க கிருஷ்ணகிரி கேஆர்பி டேம்ல ஷட்டர் தெறக்கப் போறாங்கன்னா தென்பெண்ணை கரையோரம் ஆளுங்க எப்படி முழிச்சிக்கிட்டு இருப்பாங்கன்னு பாத்து வளந்த எனக்கு அந்த மூஞ்சிய விட்டு நகர மனசே இல்ல.

பாலத்து மேல ஒரு நம்பர் புதிர். 1357ம் வருஷம், 9ம் தேதி, 7ம் மாசம், காலைல 5 மணி 31 நிமிஷத்துக்கு நாலாம் சார்லஸ் ராஜா முதல் கல்ல வச்சாருன்னு சொல்றாங்க. வரிசையா எழுதுனா 135797531, முன்னாடி இருந்து படிச்சாலும் பின்னாடி இருந்து படிச்சாலும் ஒண்ணு தான். ஜோசியர் குறிச்சுக் குடுத்த நேரம்னு கதை. அம்மாவுக்கு இதுல ஆச்சரியமே இல்ல, "நல்ல நேரம் பாக்காம யாராச்சும் பாலம் கட்டுவாங்களா"ன்னாங்க.

இதே பாலத்துல தான் புத்தகம் எங்கள கைவிட்டதும். கோபுரத்துக்கு கீழ ஒரு புதிர், முழுக்க இங்கிலீஷ் பாட்டு, எதுகை மோனையோட எழுதி, ஒவ்வொரு வரிக்குள்ளயும் ஒரு வார்த்தைய ஒளிச்சு வச்சிருக்கு. போன்ல மொழிபெயர்ப்பு போட்டா அர்த்தம் வருது, ஆனா ஒளிச்சு வச்ச வார்த்தை காணாம போயிடுது. நான் டிகிரி படிச்சவ, ட்யூஷன் எடுக்குறவ, எனக்கே நாப்பது நிமிஷம் ஆகியும் வரல. அம்மா மறுபடி ஓரமா போய் உக்காந்துட்டாங்க. அந்த நாப்பது நிமிஷமும் முந்தின நாள் கைடு கூட நடந்த மாதிரியே இருந்துச்சு எனக்கு. கவர பிரிச்சு விடைய பாத்துட்டு நகந்தோம். இந்த மாதிரி வார்த்தை புதிர் புத்தகத்துல மொத்தம் ஆறு இருக்கு. அதுக்கு பாலத்துல இருக்குற சிலை எதையும் பாக்கவே தேவையில்ல, வீட்டு சோஃபால உக்காந்துக்கிட்டே போடலாம். அத எதுக்கு அவ்வளவு அழகான எடத்துல கொண்டு போய் வச்சாங்கன்னு எனக்கு இன்னமும் வருத்தம் தான்.

முதல்ல சொன்னேன்ல ஏமாந்த கதை, அது இது தான். இரண்டாவது புதிர்ல ஒரு கட்டடத்து மேல இருக்குற உருவத்த பாக்கணும், நாங்க போனப்ப அந்த கட்டடமே சாரம் கட்டி துணி போத்தி மராமத்து நடக்குது. குறிப்பு கவர்லயும் "மேல நல்லா பாருங்க"ன்னு தான் இருக்கு. மெயில் போட்டோம், ரெண்டு நாள் கழிச்சு மன்னிப்பு கேட்டு விடைய அனுப்புனாங்க, நாங்க அதுக்குள்ள தம்பிகிட்ட போன்ல கேட்டு அத தாண்டி முழுசா முடிச்சே போயிட்டோம். சாரம் கட்டுறது அவங்க தப்பில்ல, ஆனா அந்தப் புதிர தாண்டிப் போக ஒரு வழி கவர்லயே குடுத்திருக்கணும். தம்பி மாதிரி உள்ளூர்ல ஒரு ஆள் போன்ல இல்லாத குடும்பமா இருந்தா அங்கயே திரும்பியிருப்பாங்க.

ரெண்டாம் நாள் ஆத்துக்கு அந்தப்பக்கம். தெரு முழுக்க கருங்கல்ல சின்ன சின்னதா பதிச்ச தரை, பாக்க அழகு, முட்டிக்கு எதிரி. அம்மாவுக்கு நல்ல ஷூ வாங்கிக் குடுக்காம கூட்டிட்டு போகாதீங்க, செருப்பு போட்டா கணுக்கால் மடங்கிடும். டாய்லெட் போக சில்லறை வேணும், அங்க யூரோ இல்ல, க்ரவுன் தான் காசு. ட்ராம்ல ஏறுனா டிக்கெட்ட மெஷின்ல வச்சு முத்திரை குத்தணும், குத்தலன்னா டிக்கெட் கைல இருந்தும் ஃபைன் தான்.

போற வழியில குழந்தை இயேசு கோயில். சேலத்துல குழந்தை இயேசு பேராலயம் இருக்கே, அந்த குழந்தை இயேசுவோட மூல சொரூபம் இங்க தான் இருக்கு, அரை மீட்டர் கூட இல்லாத சின்ன சொரூபம், காலத்துக்கு ஏத்த மாதிரி உடுப்பு மாத்துவாங்க. புத்தகத்துல இத பத்தி ஒரு வரி கூட இல்ல. எங்க பக்கத்து வீட்டு அக்கா, மேரி மாதா படத்துக்கு பக்கத்துல இந்த படத்த தான் வச்சிருப்பாங்க, அம்மா பாத்ததும் அடையாளம் கண்டுக்கிட்டு அக்காவுக்காக ஒரு மெழுகுவத்தி ஏத்துனாங்க. நீங்க போனா புத்தகத்த மூடி வச்சுட்டு இங்க கொஞ்சம் உக்காருங்க.

கடைசி பகுதி நெருடோவா தெரு, நல்ல ஏத்தம், கோட்டைக்கு போற வழி. இந்த ஒரு தெருவுக்காகவே முழு புத்தகத்தையும் வாங்கலாம்னு சொல்லுவேன். 1770ல மரியா தெரசா ராணி காலத்துல தான் வீட்டுக்கு நம்பர் போட்டாங்களாம், அதுக்கு முன்னாடி வீட்டுக்கு வீடு ஒரு உருவம் தான் அடையாளம். வாசல் மேல மூணு பிடில், ஒரு வீட்டுல தங்கச் சாவி, ஒரு வீட்டுல செவப்பு ஆட்டுக்குட்டி, ஒரு வீட்டுல ரெண்டு சூரியன். மூணு பிடில் வீட்டுல பிடில் செய்யுற குடும்பம் இருந்துச்சாம். படிக்கத் தெரியாதவன் கூட "மூணு பிடில் வீட்டுல குடுத்துட்டு வா"ன்னா போயிடுவான். இந்தத் தெருவுல எங்கம்மாவுக்கு யாரோட உதவியும் தேவைப்படல. பையன் மேப்ப திருப்பி திருப்பி பாக்குறான், அம்மா நாலு வீடு முன்னாடி போய் நின்னு "ஆட்டுக்குட்டி இங்க இருக்குடா"ன்னு கை காட்டுறாங்க. ஏத்தத்துல மூச்சு வாங்குது, உக்காரலாமான்னா "இன்னும் சூரியன் கிடைக்கலையே"ங்கிறாங்க.

இங்க நாங்க பண்ணுன ஒரு தப்ப நீங்க பண்ணாதீங்க. ஒவ்வொரு வீட்டுக்கும் ரெண்டு நம்பர் பலகை, ஒண்ணு செவப்பு, ஒண்ணு நீலம். தெருவுல எத்தனாவது வீடுங்கிறது நீலம், செவப்பு அந்த ஏரியா முழுசுக்கும் போட்ட பதிவு நம்பர். மூணு பிடில் நீலத்துல 12, ரெண்டு சூரியன் 47. நாங்க செவப்ப எழுதி கூட்டிட்டோம், கடைசி விடை எங்கயோ போச்சு, மறுபடி கீழ எறங்கி ஏற வேண்டியதாயிடுச்சு. புத்தகத்துல நம்பர்னு மட்டும் தான் போட்டிருக்கு, எந்த கலர்னு ஒரு வார்த்தை சேர்த்திருந்தா அம்மா முட்டி தப்பிச்சிருக்கும்.

மொத்தத்துல மூணு நாலு மணி நேரம்னு அட்டைல போட்டிருக்கு, எங்களுக்கு ரெண்டு நாள்ல ஒம்போது மணி நேரம் ஆச்சு, அது தான் சரியான வேகம்னும் நெனைக்கிறேன். பத்து வயசுக்கு மேல பசங்க இருந்தா, பெரியவங்க இருந்தா, கண்டிப்பா வாங்குங்க. வாங்குறதுக்கு முன்னாடி விக்கிறவங்க காட்டுற சாம்பிள் பக்கத்த பாருங்க, எண்ணுறது, தேடுறது, உருவம் கண்டுபிடிக்கிறது நிறைய இருந்தா வாங்குங்க, இங்கிலீஷ் வார்த்தை விளையாட்டா இருந்தா விட்டுடுங்க, எவ்வளவு பேர் நட்சத்திரம் போட்டிருந்தாலும் சரி. எங்க புத்தகத்துக்கு அஞ்சுக்கு மூணரை தருவேன், அந்த ஆறு வார்த்தை புதிர எடுத்துட்டா அஞ்சுக்கு அஞ்சு.

ஊருக்கு வந்து ரெண்டு வாரம் கழிச்சு ஒரு கல்யாணத்துக்கு தர்மபுரி போனோம். பையன் புதிர் பைத்தியம் இன்னும் எறங்கல, அதனால மண்டபத்துல இருந்து அப்படியே மியூசியத்துக்கு கூட்டிட்டு போனேன். அங்க அதியமான் பெருவழிங்கிற அந்தக் கால ரோட்டுல நட்ட கல்லு இருக்கு, 13ம் நூத்தாண்டு மைல்கல். நாவல் தாவளம்ங்கிற எடத்துக்கு காதம் 29னு எழுத்துலயும் எண்ணுலயும் வெட்டி, அதுக்கு கீழ குழி குழியா போட்டிருக்கு, பெருசா ரெண்டு, சிறுசா ஒம்போது. எழுத்து எங்க மூணு பேருக்குமே படிக்க வரல. பையன் குழிய எண்ணி "பதினொண்ணு ஆயா"ன்னான். அம்மா கல்லு கிட்ட போய் குனிஞ்சு, தொடாம விரல மட்டும் நீட்டி நீட்டி எண்ணுனாங்க.

"பதினொண்ணு இல்லடா கண்ணு. பெருசு பத்து, சிறுசு ஒண்ணு. இருபத்தொம்போது."

பையன் பையில இருந்து ப்ராக் புத்தகத்த எடுத்து, கடைசில காலியா கெடந்த பக்கத்துல ரெண்டு பெரிய வட்டமும் ஒம்போது சின்ன வட்டமும் போட்டு, பக்கத்துல ஆயான்னு எழுதுனான்.